இப்போதைக்குப் பூட்டிய கதவு

அல்காட்ராஸ் தீவுச் சிறையை அமெரிக்கா 1963-ல் மூடியது. கைதிகள் மீது இரக்கப்பட்டு மூடவில்லை, செலவு கட்டுப்படியாகவில்லை. குடிதண்ணீர் முதற்கொண்டு எல்லாமே படகில் வரவேண்டும், உப்பு கட்டடத்தை அரித்துக்கொண்டிருந்தது. அதே வருடம் இல்லினாய் மாநிலத்தில் மேரியன் என்ற சிறை திறக்கப்பட்டது. மற்ற சிறைகளில் சமாளிக்க முடியாதவர்களை நாளடைவில் அங்கே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

1983 அக்டோபர் 22 அன்று மேரியனில் இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரே நாள், சில மணி நேர இடைவெளி, ஒரே உத்தி. விலங்கு பூட்டி அழைத்துச் செல்லப்பட்ட கைதி, வழியில் இன்னொருவரின் அறைக் கம்பிகளுக்குள் கைகளை நீட்டுகிறார். உள்ளே இருப்பவர் விலங்கைத் திறந்துவிட்டுக் கத்தியைக் கொடுக்கிறார். அவ்வளவுதான். காலையில் கொன்றவர் தாமஸ் சில்வர்ஸ்டீன். அடுத்த சில நாட்களில் ஒரு கைதியும் கொல்லப்பட, முழுச் சிறையையும் பூட்டும் ஆணை வந்தது. கூட்டுச் சாப்பாடு, வேலை எல்லாம் நின்றன. ஒரு நாளில் ஏறக்குறைய 23 மணி நேரம் அறைக்குள்ளேயே. நெருக்கடிக்காகப் போட்ட அந்த ஏற்பாடு 23 வருடம் நீடித்தது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். "இப்போதைக்கு இதைப் போட்டு ஓட்டுவோம், அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று நள்ளிரவில் சேர்க்கிற நாலு வரிகளின் ஆயுள் எப்படிப்பட்டது என்று தெரியும். நெருக்கடி தீர்ந்த பிறகும் அதை எடுக்க யாருக்கும் துணிச்சல் வராது. எடுத்த அன்று ஏதாவது உடைந்தால் பழி எடுத்தவன் தலையில்தான் விழும். கொஞ்ச காலம் போனதும், புதிதாகக் கட்டும் அமைப்பையே அந்த நாலு வரிகளை அஸ்திவாரமாக வைத்து வரைவார்கள். மேரியனுக்கு அதுதான் நடந்தது. மத்தியச் சிறைத்துறை இயக்குநர் நார்மன் கார்ல்சன், இப்படிப் பூட்டி வைப்பதற்கென்றே ஒரு சிறை வேண்டும் என்று வாதாடினார்.

இடம் கொடுக்க ஓர் ஊரே முன்வந்தது. கொலராடோவில் உள்ள ஃப்ளோரன்ஸ் சின்ன ஊர். வேலையில்லாத் திண்டாட்டம் இருந்தது. ஊர் மக்கள் 1,60,000 டாலர் வசூலித்து, 600 ஏக்கர் வாங்கி அரசிடம் கொடுத்தார்கள். சுமார் 6 கோடி டாலர் செலவில் கட்டிய ஏடிஎக்ஸ் சிறை 1994-ல் திறந்தது. ஆண்களுக்கு மட்டும், ஏறத்தாழ 490 பேருக்கு இடம்.

அறை 7 அடிக்கு 12 அடி. கட்டில், மேசை, முக்காலி எல்லாம் தரையோடு வார்த்த கான்கிரீட். பிடுங்கி ஆயுதமாக்க முடியாது. கழிப்பறையை அடைத்தால் தண்ணீர் தானாக நின்றுவிடும். ஷவர் நேரக்கணக்கில் ஓடும், வெள்ளம் விட வழியில்லை. ஜன்னல் 42 அங்குல உயரம், 4 அங்குல அகலம். வானமும் கூரை விளிம்பும் தெரியும், கட்டடத்தில் நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது தெரியாது. உள்ளே கம்பிக் கதவு, அதற்கு வெளியே முழு இரும்புக் கதவு. சாப்பாடு ஒரு பிளவு வழியாக வரும். உலாவும் இடம்கூட வற்றிய நீச்சல் குளம் மாதிரி ஒரு கான்கிரீட் குழி. சிறை முழுக்க 1,400 இரும்புக் கதவுகள், தொலைவிலிருந்து இயக்குபவை.

படிக்கப் படிக்க எனக்குள் இருக்கும் பொறியாளன் முதலில் வியந்தான். ஒவ்வொரு உறுப்புக்குப் பின்னாலும் எங்கோ நடந்த ஒரு விபரீதம் இருக்கிறது; அது திரும்ப நடக்காதபடி கட்டியிருக்கிறார்கள். யாரும் தப்பியதில்லை. ஆனால் மேரியனில் பூட்டு என்பது ஓர் ஆணை. மனம் வந்தால் மறுநாளே சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்துவிடலாம். ஃப்ளோரன்ஸின் பெரும்பாலான பிரிவுகளில் திறப்பதற்கு அப்படி ஒரு கூடமே கிடையாது. நெருக்கடியே கட்டடமாகிவிட்டது.

தனிமை மனிதரை என்ன செய்யும் என்பது அமெரிக்காவுக்குப் புதிய செய்தியும் அல்ல. 1829-ல் ஃபிலடெல்ஃபியாவில் குவேக்கர்களின் நல்லெண்ணத்தில் ஒரு சிறை எழுந்தது. கைதி தனியே இருந்தால் மனம் திருந்துவான் என்ற நம்பிக்கை. 1842-ல் அதைப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1890-ல் உச்ச நீதிமன்றம், தனிமையில் பலர் சித்தம் கலங்கினார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று பதிவு செய்தே ஒரு தீர்ப்பு வழங்கியது. குற்றத்துக்குப் பிறகு வந்த சட்டத்தைக் கொண்டு தனிமையில் அடைத்தது கூடுதல் தண்டனை என்று சொல்லி, மரண தண்டனைக் கைதியான மெட்லியை விடுவித்தது. அந்த வழக்கு எழுந்த மாநிலமும் கொலராடோதான். அவரை அடைத்திருந்த சிறை கேன்யன் சிட்டியில். அது ஃப்ளோரன்ஸுக்குப் பக்கத்து ஊர்.

சிறைத்துறையின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அந்த இரண்டு காவலர்களுக்கும் குடும்பம் இருந்தது. மிக ஆபத்தானவர்களை ஒரே இடத்தில் குவித்தால் மற்ற சிறைகள் மூச்சுவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் இதே வகை மாநிலச் சிறைகளைப் பற்றி, அரிசோனா, இல்லினாய், மினசோட்டா தரவுகளை வைத்து 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. கைதிகளுக்குள் நடக்கும் வன்முறை இதனால் குறைந்ததற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஊழியர்கள் மீதான தாக்குதலில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு விடை. 2012-ல், மனநோயாளிகளை முறையான சிகிச்சையில்லாமல் அடைத்து வைத்திருப்பதாக ஏடிஎக்ஸ் கைதிகள் வழக்குப் போட்டார்கள். 2016-ல் சமரசம் வந்தது. மனநலப் பரிசோதனையும் சிகிச்சையும் கூடின, சிலர் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஃப்ளோரன்ஸில் வார்டனாக இருந்த ராபர்ட் ஹுட்டே அந்த இடத்தை நரகத்தின் சுத்தமான வடிவம் என்றுதான் வர்ணித்தார்.

2015-ல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளின்படி, ஒருவரைத் தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் தனிமையில் வைக்கக்கூடாது. மேரியனின் பூட்டு 2006 வாக்கில் விலகி, அது நடுத்தரப் பாதுகாப்புச் சிறையானது. அதற்கு முந்தைய வருடம் சில்வர்ஸ்டீனை ஃப்ளோரன்ஸுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் 2019-ல் இறந்தார். 1983 அக்டோபரில் அவர் மீது சாத்திய தனிமைக்கு அப்போது வயது ஏறக்குறைய முப்பத்தாறு.