ஒரு வட்டு, பல வரிசை

நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டர் சங்கதியெல்லாம் வங்கி வேலைக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்டதுதான். ஆனால் பெங்களூரில் குப்பை கொட்டுபவனுக்கு இந்தச் சரித்திரம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் :)

நாம் ஊருக்கு அனுப்பும் பணம், அங்கே அப்பா ஏடிஎம்மில் எடுக்கும் பென்ஷன், வங்கி ராத்திரியில் போடும் வட்டிக் கணக்கு... பல வேலைகள் ஒரே வட்டைத் தட்டும்போது யார் காத்திருப்பது? 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குக்கு தினசரி இருப்பின் மேல் வட்டி என்று ரிசர்வ் வங்கி சொன்னது. கணக்கு போடும் வேலை அப்போதே கூடிவிட்டது. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் வட்டுக்கு ஒரு சுற்று முடிக்கவே 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அங்கும் இங்கும் ஓடவிட்டால் செகண்டுக்கு நூறு வேலை செய்வதே பெரிய விஷயம்.

1967லேயே பீட்டர் டென்னிங் இதை எழுதிவிட்டார். பக்கத்தில் இருப்பதை முதலில் கவனித்தால் வேகம் கிடைக்கும். ஆனால் ஓரத்தில் இருப்பவன் பாடு திண்டாட்டம். அதனால் லிஃப்ட் மாதிரி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் வரச் சொன்னார்.

2006ல் லினக்ஸ் 2.6.18 வந்தபோது, ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய சிஎஃப்க்யூ முறை அதில் வழக்கமான ஏற்பாடானது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி வரிசை, முறை வைத்து நேரம். நல்லதுதானே? ஒரு ஓட்டை இருந்தது. ஒரே வீட்டிலிருந்து பத்துப் பேர் வரிசையில் நின்றால் பத்துப் பங்கு!

அப்படியானால் ஆளை எண்ணக்கூடாது, வீட்டை எண்ணவேண்டும். 2008ல் லினக்ஸில் வந்த 'சிகுரூப்' என்ற குழு ஏற்பாடு இதற்கு வழி செய்தது. அதில் நினைவகத்தைப் பங்கிடும் பகுதியில் முக்கியமாக உழைத்தவர் ஐபிஎம்மின் பெங்களூர் மையத்தில் இருந்த பல்பீர் சிங். வட்டுக்கான பங்கீடு 2010ல் 2.6.33உடன் வந்தது. குழுவுக்கு 100 முதல் 1000 வரை ஒரு எடை தரலாம். ஏடிஎம்முக்கு 800, ரிப்போர்ட்டுக்கு 200 என்றால் நாலுக்கு ஒன்று. ஏடிஎம் சும்மா இருந்தால் அந்த நேரமும் ரிப்போர்ட்டுக்கே. 2011ல் 2.6.37 உச்சவரம்பையும் சேர்த்தது. இதற்கிடையே 2010ல் வெளியான 'எம்க்ளாக்' முறை, எடை, உச்சவரம்பு இரண்டோடு 'இதற்குக் கீழே குறையாது' என்ற உத்தரவாதத்தையும் ஒன்றாகப் பிணைத்தது.

சிஎஃப்க்யூ 2019ல் லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. சுழலாத ஃப்ளாஷ் சேமிப்பும் வந்துவிட்டது. ஆனால் எடையும் வரம்பும் போகவில்லை, ஏனென்றால் வரிசை போகவில்லை.

எது பென்ஷன், எது ரிப்போர்ட் என்று வட்டுக்குத் தெரியாது. அந்த எண்ணை ஒரு மனிதர்தான் எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் அதுவும் ஒரு தீர்ப்புதான்: அதிகம் கேட்பவனுக்கே அதிகம் போகும். ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டு, ஏடிஎம் வாசலில் பேசாமல் நிற்கும் பெரியவருக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும்.