ஒரு சோறு பதமாகுமா?



ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. அடுக்களையில் இவ்வாக்குப் பொய்ப்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்களின் உலகிலோ அது பொய்த்துப் போயிற்று. அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

உயிர்களின் இயல்பைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்துவன பரம்பரையலகுகள். அவை டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டவை போல அமைந்துள்ளன. 1995ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் ஒரு பற்றீரியாவின் இழையை முதன்முறையாக முற்றும் படித்தனர். அதில் 18 இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள் இருந்தன. 1997இல், குடலில் வாழும் ஈ. கோலை இனத்தின் கே-12 என்னும் தீங்கற்ற ஆய்வுகூட வகையும் படிக்கப்பட்டது. ஒன்றைப் படித்தால் இனத்தையே படித்ததாகும் என்பது அன்று பலருடைய எண்ணம்.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே ஒரு துயரம் நிகழ்ந்திருந்தது. 1996இல் யப்பானின் சக்காய் நகரில், பாடசாலை மதிய உணவை உண்ட ஆயிரக்கணக்கான மாணவர் கடும் வயிற்றோட்டத்தால் வாடினர். சிறார் சிலர் மாண்டனர். நோய் தந்ததும் ஈ. கோலை இனமே, ஓ157 என்னும் வகை. 2001இல் யப்பானிய அறிஞர் அதன் இழையைப் படித்தபோது, ஏறத்தாழ 55 இலட்சம் எழுத்துக்களில் 41 இலட்சமே கே-12 வகையோடு ஒத்திருந்தன. எஞ்சிய 14 இலட்சமும் அவ்வகையில் இல்லாதவை! ஓரினம் என்று நாம் அழைத்த இரண்டுக்குமிடையே இத்துணை வேற்றுமை.

இவை எங்கிருந்து வந்தன? 1928ஆம் ஆண்டிலேயே பிரெடரிக் கிரிபித் என்னும் ஆங்கில அறிஞர் இதற்கு விடையின் நுனியைக் கண்டிருந்தார். வெப்பத்தால் கொல்லப்பட்ட கொடிய நியுமோனியாக் கிருமிகளோடு உயிருள்ள தீங்கற்றவற்றைக் கலந்து எலிகளுக்கு ஏற்றினார். எலிகள் மாண்டன. தீங்கற்றவை, இறந்தவற்றின் கொடுமையைப் பெற்றுவிட்டன! பற்றீரியாக்கள் பெற்றோரிடமிருந்து மட்டுமன்றி அயலாரிடமிருந்தும் பரம்பரையலகுகளைப் பெறவல்லவை. அவற்றைத் தாக்கும் வைரசுகளும் இவற்றைச் சுமந்து செல்லும். ஓ157 பெற்ற புதியனவற்றுட் பல அவ்வழி வந்தவையே.

இனத்தை முழுதாக அறியும் முறையை 2005இல் டெட்டலினும் அவர்தம் குழுவினரும் வகுத்தனர். ஒரு வட்டாரத்துப் பாடசாலை நூலகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா நூலகங்களிலும் உள்ள நூல்களை ஒரு பட்டியலிலும், சிலவற்றில் மட்டும் உள்ளவற்றை வேறொரு பட்டியலிலும் எழுதலாம். பின்னர் ஒவ்வொரு நூலகமாகச் சேர்க்கும்போது புதிய நூல்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணலாம். அவர்கள் செய்ததும் இதுவே. சிசுக்களைக் கொல்லவல்ல ஒருவகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியின் எட்டு வகைகளை ஒப்பிட்டனர். எட்டுக்கும் பொதுவாக 1,806 பரம்பரையலகுகள் இருந்தன. புதிதாக ஒரு வகையைப் படிக்குந்தோறும் சராசரி 33 புதியன வந்துகொண்டேயிருக்கும் என்று கணக்குக் காட்டியது. பொதுவானவையும் அல்லாதவையும் சேர்ந்த முழுத்தொகுதிக்குப் பான்ஜீனோம் என்று பெயரிட்டனர். பான் என்பது அனைத்தும் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்.

எல்லாப் பானைகளும் இத்தகையனவல்ல. அந்திராக்சு நோய்க் கிருமியில் நான்கு வகைகளைப் படித்ததுமே புதியன வருவது நின்றுபோயிற்று. அங்கே நம் பழமொழி ஏறக்குறைய மெய்யாகிறது.

இவ்வாராய்ச்சியாற் பயன் யாது எனக் கேட்பீர்கள். அதே 2005இல், அந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிக்குத் தடுப்பூசி தேடிய அறிஞர், எலிகளிற் செய்த சோதனையில் நான்கு புரதங்களைச் சேர்த்தாற் பரந்த பாதுகாப்புக் கிட்டுவதைக் கண்டனர். அந்நான்கில் ஒன்றே எல்லா வகைகளுக்கும் பொதுவானது. ஒரு வகையை மட்டும் படித்திருந்தால் ஏனைய மூன்றும் கைக்கு எட்டாமலே போயிருக்கலாம்.

ஒரு மாணவனைக் கண்டு வகுப்பை எடைபோடும் ஆசிரியன் தவறிழைப்பான். முப்பதாண்டு வகுப்பறையில் நான் கற்ற இப்பாடத்தையே, அறிவியலும் கிருமிகளிடம் கற்றிருக்கின்றது.