கொட்டியாரக் கரையும் குறூசோவின் தீவும்

சல்லிக் கடற்கரையிலிருந்து கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும் தோணி கோணமலையைச் சுற்றித் திரும்பியதும், கொட்டியாரக் குடா அதன் முன்னே விரிந்து கிடக்கும். குடாவின் மறுகரையில் மூதூர் உளது. அங்கே மகாவலி கடலொடு கலக்குமிடத்தின் அயலில், வெள்ளையன் மரம் என வழங்கப்பட்ட புளியமரம் ஒன்று முன்னாளில் நின்றது. அம்மரத்தின் நினைவாகக் கல்லொன்றும் நாட்டப்பட்டது. அம்மர நிழலிற் சிறைப்பட்ட ஆங்கிலேயரின் வரலாறே உலகப் புகழ்பெற்ற 'றொபின்சன் குறூசோ'வின் வித்து என்று கூறுவார் பலர். திருகோணமலையாருக்கு இக்கூற்று இனிப்பது இயல்பே. இனிக்கும் காரணத்தால் மட்டும் அதனை மெய்யெனக் கொள்ளலாமோ என்பது ஆராய்தற்குரியது.

கரை ஒதுங்கியோர் கதை கேட்டார்க்கு ஊகம் தோன்றாதிருப்பதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2004 முதல் 2010 வரை ஒளிபரப்பான 'லாஸ்ட்' என்னும் தொடர், விமானம் வீழ்ந்து தீவொன்றில் அகப்பட்டோரைப் பற்றியது. அவரெல்லாம் வீழ்ச்சியிலேயே இறந்தொழிந்தவர் என்றும், அத்தீவு மறுமைக்கு முந்திய ஓர் இடைநிலை என்றும் பார்வையாளர் ஊகித்தனர். ஆக்கியோர் மறுத்த பின்னும் அவ்வூகம் ஓயவில்லை. குறூசோவைப் பற்றிய ஊகங்களோ முந்நூறு ஆண்டுப் பழமையுடையன. அந்நூல் 1719இல் ஆசிரியர் பெயரின்றி, குறூசோ தானே எழுதியது போல வெளிவந்தது. ஆகவே மெய்யான குறூசோ யாவன் என்னும் வினாவுக்கு நூலே வழி திறந்துவிட்டது.

அவ்வினாவுக்குப் பெரும்பான்மையோர் தரும் விடை அலெக்சாந்தர் செல்கேக் என்பதாம். இந்த இசுக்கொத்துலாந்து மாலுமி 1704 முதல் 1709 வரை தென்கடலிலுள்ள யுவான் பெர்ணாந்தசுத் தீவொன்றில் நாலாண்டும் நாலு மாதமும் தனித்து வாழ்ந்தவன். ஆட்டுத்தோல் உடுத்தமை முதலிய செய்திகள் அவனிடத்திருந்து வந்தன எனலாம். மருத்துவரான என்றி பிற்மன் என்பாரைச் சுட்டுவாரும் உளர். அவர் தாம் தப்பியோடிய கதையை 1689இல் வெளியிட்டவர். இபின் துபைல் என்னும் அறபு அறிஞரின் தத்துவக் கதை 1708இல் ஆங்கிலத்தில் வெளிவந்ததைக் காட்டுவாரும் உளர். இவர்களோடு நம் கொட்டியாரத்திற் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ் என்பாரும் வைத்து எண்ணப்படுகிறார்.

நொக்ஸின் வரலாறு வருமாறு: கிழக்கிந்தியக் கம்பனிக்காக 1658இல் இங்கிலாந்தினின்றும் புறப்பட்ட 'ஆன்' என்னுங் கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸ். அவருடன் அதே பெயருடைய மகனும் வந்தான். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துத் துறையில் வீசிய புயலால் கப்பல் தன் பெரும் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் நாட்டவும் வாணிகஞ் செய்யவும் அது கொட்டியாரக் குடாவை அடைந்தது. அந்நாளில் அத்துறை கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆணைக்குட்பட்டிருந்தது. 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், அரசனின் அலுவலர் தலைவரையும் மகனையும் உள்ளிட்ட பதினாறு பேரைக் கரையிலே பிடித்துக்கொண்டனர். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயராதலால், பின்வந்தோர் இருவரையும் ஒருவராக்கிப் பேசுவதுண்டு. கப்பற்றலைவராயிருந்தவர் தந்தை, பத்தொன்பதரை ஆண்டு சிறையிருந்து நூல் எழுதியவர் மகன்.

இச்சிறைப்பாட்டின் காரணமும் ஓர் ஊகப் பொருளே. அரசனுக்கு ஓலையும் கையுறையும் அனுப்பாது துறையிற் புகுந்த குற்றமே காரணம் என்பது நொக்ஸ் தரும் விளக்கம். ஒல்லாந்தருக்கு எதிரே ஆங்கிலேயரைப் பயன்படுத்த அரசன் எண்ணினான் என்பர் பிறர். நொக்ஸைச் சார்ந்தோர் மட்டுமே இவ்வாறு அகப்பட்டவரல்லர் என்பதை ஈண்டு மறத்தலாகாது. மாலைதீவுக்கருகிற் சிதைந்த மற்றோர் ஆங்கிலக் கப்பலின் மாலுமிகளும், போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும் கண்டி நாட்டில் இருந்தனர். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை திருகோணமலைக்கு வந்தபோது அதன் தூதுவரும் அவ்வாறே தடுத்துவைக்கப்பட்டார். அந்நியரைத் திருப்பியனுப்பாமை அவ்வரசனின் வழக்கமாகவே இருந்தது எனலாம்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கப்பலை ஆற்றுமுகத்துக்குக் கொணருமாறு மாலுமிகளுக்குச் சொல்லும்படி, பிடித்தோர் மகனைக் கப்பலுக்கு அனுப்பினர். அப்பொழுது அவனுக்கு வயது பத்தொன்பது. திரும்பி வரல் வேண்டும் என்பது தந்தையின் கட்டளை. அவன் கப்பலேறி, அதனைக் கரைக்குக் கொணராது காத்துக்கொள்ளுமாறு மாலுமிகளிடம் கூறினான். கப்பல் காப்பாற்றப்பட்டது, பின்னர் அது குடாவைவிட்டு நீங்கியது. கப்பலின் தளத்தில் நின்ற அவ்விளைஞனோ, தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி தோணியிறங்கி மீண்டும் கொட்டியாரக் கரையை அடைந்தான். குறூசோவைக் கரை சேர்த்தது அலை. இவனைக் கரை சேர்த்தது இவன் வாக்கு. குறூசோவோ தந்தையின் சொல்லை மீறிக் கடலேறியவன். ஒப்புமை தேடுவார் இவ்வேற்றுமையைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை.

தந்தையும் மகனும் வடமேற்கிலுள்ள பண்டார கொஸ்வத்தையில் வைக்கப்பட்டனர். இருவரையும் குளிர்சுரம் பற்றியது. 1661 பெப்ருவரியில் தந்தை இறந்தார். அடக்கஞ் செய்ய உதவி கேட்டபோது, ஊரார் மாடு கட்டும் கயிற்றைக் கொணர்ந்து, உடலைக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாம் என்றனராம். மகன் அதற்கு இசையாது தந்தையை முறைப்படி அடக்கஞ் செய்தான். அவனைப் பற்றிய சுரம் பதினாறு மாதம் நீடித்தது. பின்னொருநாள் முதியவர் ஒருவரிடம் ஆங்கில விவிலிய நூல் ஒன்றைக் கண்டு, தான் பின்னிய தொப்பியொன்றை அதற்கு விலையாகக் கொடுத்துப் பெற்றான்.

நொக்ஸே குறூசோ என்பார் தம் சான்றுகளை இவ்விடத்திலேதான் திரட்டுகின்றனர். குறூசோவும் சுரத்தால் வருந்தி, விவிலிய நூலால் தேறுகிறான். இருவரும் ஆடு வளர்த்தனர். குறூசோவின் கப்பல் உடைந்ததாகக் கதை கூறும் நாள் 1659 செத்தெம்பர் 30. 'ஆன்' பாய்மரம் இழந்ததும் அதே ஆண்டிலாம். கேட்பார்க்கு மெய்சிலிர்க்கும் ஒற்றுமையே. ஆயினும் நோயுற்றுத் திருந்தி இறைவனை நாடுதல் அக்காலத்துச் சமயப் பற்றுடைய ஆங்கிலேயரின் தன்வரலாறுகளில் எங்கணும் வருவது. ஆண்டொற்றுமையோ தற்செயலாகவும் நிகழலாம். நூலாசிரியர் டானியல் டீபோ பிறந்ததும் ஏறக்குறைய அக்காலமே. டீபோவும் நொக்ஸும் நேரிற் சந்தித்தனர் என்பாரும் உளர். அதற்கு எழுத்துச் சான்று காட்டப்படவில்லை.

எனினும் ஐயமற்ற சான்று ஒன்று உளது. நொக்ஸின் இலங்கை வரலாறு, அறிஞர் றொபேட் ஊக்கின் முன்னுரையுடன் 1681இல் இலண்டனில் அச்சாயிற்று. டீபோ 1720இல் வெளியிட்ட 'கப்பற்றலைவன் சிங்கிள்ரன்' என்னும் கதையில், கடற்கொள்ளையர் இலங்கைக் கரையை அடையும் பகுதியில், நொக்ஸின் சிறைவாழ்வைப் பெயர் சுட்டியே சுருக்கிக் கூறுகிறார். ஆகவே அவர் அந்நூலைக் கற்றவர் என்பது உறுதி. 'குறூசோ' வெளிவந்த அடுத்த ஆண்டே இது நிகழ்ந்தமையால், குறூசோவை எழுதுங்காலத்தும் அந்நூல் அவர் அறிவில் இருந்திருத்தல் கூடும். அமெரிக்க அறிஞர் செக்கோட் 1924இல் நொக்ஸின் நூலை டீபோவின் மூலங்களுள் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். கதரின் பிராங் 2011இல் இதன்மேல் ஒரு நூலே எழுதினார். கூடும் என்பதற்கும் உண்டு என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை வரலாற்று மாணவர் ஒரே எட்டில் தாண்டிவிடலாகாது. டீபோ பல நூல்களைக் கற்று ஒன்றாக்கியவர். அவரது கதைக்கு ஒரே மனிதரை மூலமாக நாட்ட முயல்வது வீண் என்க.

இவ்வுரிமைப் போட்டியில் மறைந்துபோவது ஒன்றுண்டு. குறூசோவின் தீவு ஆளில்லாத் தீவு. நொக்ஸ் இருந்த நாடு ஊரும் வயலும் சந்தையும் வரியும் உடையது. அரசன் ஆணைப்படி சிறையிருந்தோர்க்குச் சோறளித்தவர் ஊரவர். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றதும், நெல்லை வட்டிக்குக் கொடுத்ததும், பண்டம் சுமந்து ஊர்தோறும் திரிந்து வழிகளை அறிந்ததும் அவ்வூரவரோடு வாழ்ந்த வாழ்வே. தனிமையின் காவியத்துக்கு அவரை மூலமாக்குவோர், அவருக்குச் சோறிட்ட கைகளைக் கதையினின்றும் நீக்கிவிடுகின்றனர். பதினேழாம் நூற்றாண்டில் கண்டி நாட்டுக் குடிகள் உழுததையும் உண்டதையும் அவ்வளவு விரிவாகக் கூறும் பிறநாட்டார் நூல் வேறில்லை என்றே சொல்லலாம். அதன் பெருமைக்குக் குறூசோவின் துணை வேண்டியதில்லை.

1679இல் நொக்ஸும் தோழர் இசுரீவன் இறற்லந்தும் வணிகர்போல் வடக்கே சென்று, அனுராதபுரங் கடந்து, மல்வத்து ஓயாவின் கரை வழியே ஒக்டோபர் மாதத்தில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். உடனகப்பட்டோருட் சிலர் அதற்கு முன்பே இந்நாட்டுப் பெண்களை மணந்து மக்களைப் பெற்றிருந்தனர்; அவர்கள் கண்டி நாட்டிலேயே தங்கினர். கண்டிக்கு அருகே எலதெத்தவில் தாம் விட்டுவந்த வீட்டையும் நிலத்தையும், அங்கே தாம் வளர்த்த லூசியா என்னும் சிறுமிக்கே உரிமையாக்கி நொக்ஸ் பின்னர் எழுதியனுப்பினார். அவள் அச்சிறைத்தோழருள் ஒருவரின் மகள்.