தானியங்கி இடைமுகச் சோதனை

மென்பொருளின் திரையில் பயனர் செய்வதையெல்லாம், அதாவது பொத்தானை அழுத்துவது, படிவம் நிரப்புவது, பட்டியலில் ஊரைத் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றை, ஒரு நிரலைக் கொண்டு செய்யவைத்து விளைவைச் சரிபார்க்கும் முறை.

இத்துறையில் பெரிதும் பயன்படும் செலினியம் கருவியை 2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கினார். சைமன் ஸ்டூவர்ட்டின் வெப்டிரைவர் என்ற கருவி பின்னர் அதனுடன் இணைந்தது. 2018இல் வெப்டிரைவர் இணையத் தரமாகவே ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் அட்வென்ட்நெட் (2009 முதல் ஜோஹோ) கியூஎஞ்சின் என்ற சோதனைக் கருவியை வெளியிட்டது.

தமிழ்த் திரைகளுக்கு இம்முறை கூடுதல் கவனம் கோருகிறது. விருதுநகர் மாவட்ட ஊராட்சி ஒன்றியங்களின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ‘அருப்புக்கோட்டை’யில் வரும் ‘கோ’வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஊர்ப்பெயர் சரியாக இருந்தும் சோதனை தோற்கும். நரிக்குடி, திருச்சுழி ஆகிய பெயர்களில் ஒகர, ஓகாரக் குறிகள் இல்லாததால், அவற்றை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இச்சிக்கல் தென்படவே தென்படாது. ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கச் சொற்களையும் இத்தகைய குறியை ஒரே குறியெண்ணாக்கும், யூனிகோடின் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றுவதே தீர்வு.

நீண்ட தமிழ்ச் சொற்கள் பொத்தானுக்கு வெளியே வழிவதைச் சொல் ஒப்பீடு காட்டாது. அதற்குத் திரைப்பிடிப்பு ஒப்பீடு வேண்டும். அருப்புக்கோட்டை, வெம்பக்கோட்டை போன்ற பெயர்கள் இல்லாத சோதனைத் தரவு தமிழ்ச் சேவைக்குப் போதாது.