யஸ்த் நகர வீடுகளில் கோடையும் குளிரும்

ஈரானின் நடுப்பகுதியில், கவீர், லூத் என்னும் இரு பெரும் பாலைவனங்களை அண்டி அமைந்த யஸ்த் நகரில், கோடைப் பகலின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதும் குளிர்கால இரவில் தண்ணீர் உறைவதும் இயல்பு. ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைக்கூட எட்டாத அந்நிலத்தில் மரம் அரிது, விறகு அதனினும் அரிது. மண், வெயில், காற்று, நிலத்தடி நீர் ஆகிய நான்கையே நம்பிய அவ்வூர்க் கொத்தர்கள் வகுத்த வீட்டில், வீட்டின் வெப்பநிலையைக் குடியிருப்போருக்கு ஏற்ப மாற்றுவதைவிட, குடியிருப்போர் வெப்பநிலைக்கு ஏற்ப இடம் மாறுவதற்கே முதலிடம் தரப்பட்டது. கோடைக்கும் குளிருக்குமான ஏற்பாடுகள் அங்கே அறைகளின் அழகோடு ஒன்றிப்போனதற்கு அந்த வழக்கமே அடிப்படை.

தடித்த பச்சைச் செங்கல் சுவர்களால் தெருவிலிருந்து மறைக்கப்பட்ட அவ்வீட்டின் நடுவே ஒரு முற்றமும், அதில் நீர்த்தொட்டியும், மாதுளை போன்ற மரங்களும் இருந்தன. முற்றத்தின் தென்புறம் வடக்கு நோக்கி அமைந்த உயரமான திறந்த கூடம் வெயில் படாத கோடைப் பகுதி. வடபுறம் தெற்கு நோக்கி அமைந்த அறைகள், தாழ்ந்து வரும் குளிர்காலக் கதிர்களை உள்வாங்கும் குளிர்காலப் பகுதி. பருவம் மாறும்போது குடும்பம் முற்றத்தைக் கடந்து எதிர்ப்பகுதிக்குக் குடிபெயர்ந்தது. கோடையிலோ ஒரே நாளுக்குள் கூடத்திலிருந்து நிலவறைக்கும், இரவில் கைப்பிடிச்சுவர் சூழ்ந்த மொட்டைமாடிக்கும் இடம் மாறியது. விரிப்பு, திண்டு, படுக்கை ஆகியவற்றைச் சுருட்டி எடுத்துச் செல்ல முடிந்ததாலும், நகர்த்த முடியாத கனத்த மரச்சாமான்கள் அறைகளில் இல்லாததாலுமே இவ்வாழ்க்கை எளிதாயிற்று.

கோடைக் கூடத்தின் பின்னே எழுந்து நின்றது ‘பாத்கீர்’ எனப்படும் காற்றுக் கோபுரம். கூரைக்கு மேல் பல அடி உயரத்தில் நீண்ட செங்குத்துத் திறப்புகளைக் கொண்ட இக்கோபுரம், உள்ளே மெல்லிய செங்கல் தடுப்புகளால் பல குழல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. காற்றை எதிர்கொள்ளும் பக்கத்துக் குழல் அதைக் கீழே இறக்க, மறுபக்கத்துக் குழல் அறையின் சூடான காற்றை மேலே உறிஞ்சி வெளியேற்றியது. காற்று வீசாத வேளையிலோ, வெயிலில் சூடேறிய கோபுரமே புகைபோக்கியைப் போல அறைக்காற்றை மேலிழுத்தது. வைக்கோல் கலந்த மண்பூச்சுக்கு வெளியே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகள் பார்ப்பவருக்கு அலங்காரமாகத் தோன்றினாலும், அவை கோபுரத்தை உள்ளிருந்து பிணைப்பவை. பழுதுபார்க்க ஏறும் கொத்தருக்குச் சாரமாகவும் பயன்பட்டவை.

இறங்கும் காற்று நீரைத் தொட்டுச் சென்றால் குளிர்ச்சி பன்மடங்காகும் என்பதால், மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சரிவின் வழியே ஊருக்குக் கொண்டுவரும் ‘கனாத்’ என்னும் சுரங்கக் கால்வாயும் இவ்வமைப்பில் இடம்பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் யஸ்தின் ஆளுநர் முகம்மது தகி கான் அமைத்த தௌலதாபாத் தோட்டத்து மாளிகையில், ஏறத்தாழ 33 மீட்டர் உயரமுள்ள எண்கோணக் கோபுரத்தின் நேர்கீழே ஒரு நீர்த்தொட்டி இருக்கிறது. மேலிருந்து விழும் காற்று அந்நீரின் மேல் பரவி, அதை ஆவியாக்கித் தானும் குளிர்ந்து சுற்றியுள்ள அறைகளுக்குச் செல்கிறது. யஸ்தில் பல திசைக் கோபுரங்கள் மிகுந்திருக்க, அருகிலுள்ள மெய்போத், அர்தகான் ஊர்களில் புழுதிக்காற்றுக்கு முதுகு காட்டி, நல்ல காற்று வரும் திசைக்கு மட்டும் வாய் திறந்த கோபுரங்களே பெருகின.

குளிர்காலத்தில் காற்று இறங்கும் வழியை அடைத்துவிட்டுக் குடும்பம் எதிர்ப்புறம் சென்றது. அங்கே வண்ணக் கண்ணாடி பதித்த ஐந்து கதவுகள் வரிசையாக அமைந்த அறையில் பகல் வெயிலே சூடு தந்தது. சுவரில் சுண்ணச்சாந்து வேலைப்பாடு சூழ்ந்த கணப்படுப்பும் சில வீடுகளில் இருந்தது. இரவுக்கு உதவியது ‘கொர்சி’: தாழ்வான மர மேசையின் கீழே சாம்பல் மூடிய கரிக்கணப்பை வைத்து, மேசையைப் பெரிய பஞ்சுமெத்தைப் போர்வையால் மூடி, வீட்டார் அனைவரும் அதற்குள் கால்களை நீட்டி அமர்வர். அறை முழுவதையும் சூடாக்காமல் உடலை மட்டும் சூடாக்கும் இம்முறை, விறகு அரிதான ஊருக்கு ஏற்ற சிக்கனம்.

கோபுரம் அனைவர்க்கும் எட்டியதன்று. உயரமும் வேலைப்பாடும் மிகுந்த கோபுரம் வீட்டுக்காரரின் செல்வத்தைத் தொலைவிலிருந்தே அறிவித்ததால், அது வசதியாகவும் விளம்பரமாகவும் ஒருங்கே விளங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத் துறைமுகமான லிங்கேயின் சுங்கவரியைத் தவிர்க்கத் துபாய்க்குப் பெயர்ந்த பஸ்தக் பகுதி வணிகர்கள், இக்கோபுரத்தையும் உடன் கொண்டுசென்றனர். இன்று அல் ஃபஹீதி எனப்படும் குடியிருப்பில் அவற்றைக் காணலாம். ஆயினும் காற்றில் ஈரப்பதம் மிகுந்த வளைகுடாக் கரையில் நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் வழி பலிக்காது என்பதால், அங்கே கோபுரம் வீசும் காற்றை உள்ளே இறக்கித் தருவதோடு நின்றது.

மின்சாரக் கூலரும் எரிவாயு அடுப்பும் வந்தபின் யஸ்திலும் எந்த அறையிலும் எப்பருவத்திலும் தங்க முடிந்தது. முற்றத்தைக் கடக்க வேண்டிய தேவை மறைந்தது. பொறியியலாளர் மெஹ்தி பஹதோரி 1978இல் இக்கோபுரங்களின் இயக்கத்தைப் பற்றி அறிவியல் இதழொன்றில் விரிவாக எழுதினார். அவற்றின் வழியே புழுதியும் பூச்சியும் உள்ளே வருவதும் உண்டு. 2017இல் யஸ்த் உலகப் பாரம்பரியச் சின்னமானதால் கோபுரங்களைப் பேணுவதற்கு வழி பிறந்தது. ஆனால் பருவத்தோடு இடம் மாறி வாழும் பழக்கத்தை எந்தப் பட்டியலாலும் காக்க இயலாது. அப்பழக்கத்தைக் கருதாமல் கோபுரத்தின் வடிவத்தை மட்டும் புதுக்கட்டடங்களில் ஒட்டவைக்கும்போது எஞ்சுவது வெறும் அலங்காரமே.