ஒரு துண்டு அணிச்சலில் நம் தோட்ட வரலாறு

ஆசிரியர்களே, டிசம்பர் மாதம் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கிறிஸ்தவ நண்பர் யார் வீட்டுக்காவது போயிருக்கீங்களா? கறுப்பாக, கனமாக ஒரு துண்டு சாக்லேட் அணிச்சலைத் தட்டில் வைப்பார்கள். அதிலுள்ள உலர்திராட்சை வாரக்கணக்கில் பிராண்டியில் ஊறியிருக்கும். "கேக் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அடுத்த முறை அந்தத் துண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்க. நம் தாத்தா பாட்டிகளின் உழைப்பு அதில் இருக்கிறது.

முதலில் பழம். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் சர்க்கரையும் மதுவும் சேர்ந்தால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. பலகாரம் பல வாரம் தாங்கும். ஆங்கிலேயர் கொண்டுவந்த இந்த முறையை இலங்கைத் தமிழர் தங்கள் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கோதுமை மாவுக்குப் பதில் ரவை, நிறைய முந்திரி, பாகில் போட்ட பூசணி, பன்னீர் எல்லாம் சேர்த்தார்கள். ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய குடும்பங்களோடு இந்தச் சுவையும் வந்தது.

அடுத்து சர்க்கரை. 19ஆம் நூற்றாண்டில் பினாங்குக்கு எதிரே இருக்கும் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தார்கள். அந்த ஒப்பந்தமுறை 1910இல்தான் ஒழிந்தது.

சாக்லேட் மணம் தூக்கலாக இருக்க, மாவில் ஒரு கரண்டி காப்பித்தூள் கலப்பவர்கள் உண்டு. அந்தக் காப்பியும் நமக்குப் பழக்கம்தான். ரப்பருக்கு முன்னால் கிள்ளான் வட்டாரத்தில் விளைந்தது காப்பி. 1890களின் கடைசியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்ததும், துரைமார்கள் ரப்பருக்கு மாறினார்கள்.

சாக்லேட்டுக்கு வருவோம். 1970, 80களில் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனையும் கொக்கோவும் வந்தன. தென்னந்தோட்டங்களில் மரங்களுக்கு இடையே கொக்கோ நட்டார்கள். காயை வெட்டி, உடைத்து, வழவழப்பான கொட்டைகளைப் பெட்டியில் கொட்டி, ஐந்தாறு நாள் புளிக்கவைத்துக் கிளறிவிட வேண்டும். பிறகு காயவைக்க வேண்டும். புளிக்காத கொட்டையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் மணம் வராது. அந்த மணத்தின் ஆரம்பம் தோட்டத்தில்தான். 1990 வாக்கில் மலேசியா ஆண்டுக்குச் சுமார் 2,40,000 டன் கொக்கோ விளைவித்தது. விலைச் சரிவும் காய்த்துளைப்பான் புழுவும் சேர்ந்து அதை வீழ்த்தின. இன்று நம் நாட்டு ஆலைகள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொட்டைகளைத்தான் அரைக்கின்றன.

கடைசியாக பிராண்டி. அது துரை பங்களாவின் பானம். லயத்துக்குக் கிடைத்தது கள்ளுக்கடை. வாங்கிய கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச்.நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது; உயிர்களும் போயின. பிராண்டி என்ற ஒரு சொல்லிலிருந்து இவ்வளவு பேசலாம்.

வகுப்பில் எப்படிச் செய்யலாம்? சர்க்கரை, காப்பித்தூள், கொக்கோத்தூள், உலர்திராட்சை நான்கையும் மேசையில் வையுங்க. "இதை யார் விளைவித்தது?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்க. அணிச்சல் சுடுவதாக இருந்தால் பிராண்டி வேண்டாம். ஆரஞ்சுச் சாற்றில் ஓர் இரவு ஊறவைத்தாலே பழம் உப்பி மென்மையாகிவிடும். பல இனப் பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிடலாம்.

பிறகு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்க: "உங்க வீட்டில், பக்கத்து வீட்டில் கொக்கோ உடைத்தவர்கள் யாராவது இருக்காங்களா? கேட்டு எழுதி வாங்க." அன்று இளைஞர்களாக அந்த வேலை செய்தவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. எத்தனை டன் விளைந்தது என்பது பதிவேட்டில் இருக்கும். கை எப்படி வலித்தது, ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி, தோட்டம் மூடியபோது குடும்பம் எங்கே போனது என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. இப்போதே கேட்டு வைப்போம்.