நான்கு முறை கேட்ட கேள்வி: பதின்மூன்றாம் திருப்பாடலுக்கு ஓர் உரை

திண்டுக்கல்லில் எங்கள் அன்பியக் கூட்டம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. செபமாலை முடிந்து மன்றாட்டுக்கு வந்தோம். நூற்பாலையில் நைட் ஷிப்ட் பார்க்கும் அக்கா ஒருவர் வாய்விட்டுக் கேட்டார்: “எத்தன நாளைக்குத்தான் சாமி இப்படியே கெடக்கிறது?” அவர் கணவர் படுத்த படுக்கை. குழு லோனுக்கு வாரத் தவணை. செபம் நடத்தியவர், “அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா, விசுவாசம் வேணும்” என்றார். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பதின்மூன்றாம் திருப்பாடலைத் திறந்தேன். ஆறே வசனங்கள். முதல் இரண்டிலேயே அந்த அக்காவின் கேள்வி நான்கு முறை வருகிறது.

முதல் வசனத்தில் இரண்டு கேள்விகள். ஆண்டவர் என்னை ஒரேயடியாக மறந்துவிட்டாரா என்பது ஒன்று. முகத்தை இன்னும் எத்தனை நாள் மறைத்துக்கொள்வார் என்பது மற்றொன்று. பாடியவர் ‘ஏன்’ என்று கேட்கவில்லை, ‘எத்தனை நாள்’ என்றுதான் கேட்கிறார். கடன் திரும்பி வரும் என்று நம்புகிறவன்தான் ‘எப்போது தருவாய்’ என்று வாசலில் நிற்பான். வராது என்று கைகழுவியவன் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. கேள்வி எவ்வளவு கோபமாக இருந்தாலும் அது கடவுளின் வாசலில் நின்று கேட்கப்படுகிறது. முகத்தை மறைப்பது என்பதையும் நம் பேச்சிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்கள், “முகங்குடுத்துப் பேசல” என்றால் உடைந்துபோவார்கள். பாடியவரின் வலியும் அதுதான்.

இரண்டாம் வசனத்தில் மற்ற இரண்டு கேள்விகள்: எத்தனை நாள் நெஞ்சுக்குள் யோசனைகளோடு கிடப்பேன், எத்தனை நாள் எதிரி என்மேல் ஓங்கி நிற்பான். இந்த வசனம் எனக்கு மிகவும் நெருக்கமானது. எபிரேய மூலத்தில் நெஞ்சுக்குள் ‘யோசனைகளை’ வைத்துக்கொண்டிருப்பதாக இருக்கிறது. துயரம் என்ற சொல் அடுத்த அடியில் வருவதால், இங்கும் ‘வேதனைகள்’ என்றுதான் இருந்திருக்க வேண்டும் என்று சில ஆய்வாளர்கள் திருத்திப் படிக்கிறார்கள். நான் திருத்தமாட்டேன். கஷ்டத்தில் இருப்பவர் இரவில் அழுதுகொண்டா படுத்திருக்கிறார்? கணக்குப் போடுகிறார். தோட்டை அடகு வைப்பதா, சீட்டைத் தள்ளி எடுப்பதா, யாரிடம் கைமாற்றுக் கேட்பது, கேட்டால் என்ன சொல்வார்கள்? ஒரு யோசனை அறுந்த இடத்தில் இன்னொன்று தொடங்கும். விடிந்தும் கணக்கு முடியாது. துயரம் அதன் பின்னால்தான் வந்து உட்காரும். வேடசந்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் வருகிறவர்களுக்கும், பேகம்பூர்த் தோல் ஷாப்புகளில் கூலிக்கு நின்றவர்களுக்கும் இந்த வசனத்துக்கு உரை வேண்டியதில்லை.

மூன்றாம் வசனத்தில் பாடியவர் கேள்வியை நிறுத்திவிட்டுக் கேட்டு வாங்கத் தொடங்குகிறார். என்னைப் பார்த்துப் பதில் சொல்லும், என் கண்களுக்கு ஒளி தாரும், இல்லாவிட்டால் சாவுத் தூக்கத்தில் விழுந்துவிடுவேன் என்கிறார். கண்ணொளி என்றதும் ஞான வெளிச்சம் என்று மறையுரைகளில் கேட்டுப் பழகிவிட்டோம். விவிலியத்திலேயே வேறு வெளிச்சமும் உண்டு. சாமுவேலின் முதல் நூல் 14ஆம் அதிகாரத்தில், போர்க்களத்தில் பசியால் சோர்ந்துபோன யோனத்தான் கோலின் நுனியால் கொஞ்சம் தேனைத் தொட்டு வாயில் வைக்கிறார். உடனே அவர் கண்கள் தெளிகின்றன. கண்ணில் ஒளி என்றால் உடம்பில் தெம்பு. இரவெல்லாம் நூல் முடிச்சுப் போட்டுவிட்டுக் காலையில் பஸ் கம்பியைப் பிடித்தபடி கண்சொருகி நிற்கும் பெண், ‘சாமி, இன்னிக்குப் பொழுதுக்குத் தெம்பு குடு’ என்று கேட்டால் அது தாழ்ந்த செபம் அல்ல. தாவீதின் பெயரில் வழங்கும் செபமே அதுதான்.

நான்காம் வசனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எதிரி யார் என்று பாட்டு சொல்வதில்லை. “கோயில் கோயில்னு போயி என்னத்தக் கண்டா?” என்று தெருவில் எழும் குரலாக இருக்கலாம், நம் உள்ளிருந்தே வரும் குரலாகவும் இருக்கலாம். தன் வீழ்ச்சியைப் பார்த்து அவர்கள் சிரிக்கக் கூடாது என்று கேட்க பாடியவர் வெட்கப்படவில்லை. மானமும் மன்றாட்டில் சேர்ந்ததுதான்.

நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதுவரை மன்றாடியவர் ‘நானோ’ என்று தொடங்கி, உம் பேரன்பை நம்பிவிட்டேன் என்கிறார். நடுவில் என்ன நடந்தது? கோயில் குரு ஒருவர் அந்த இடத்தில் ஆறுதல் வாக்கு உரைத்திருப்பார் என்று ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் பெக்ரிக் 1934இல் எழுதினார். இருக்கலாம். ஆனால் பாட்டில் அது இல்லை. நோய் தீர்ந்ததாகவோ எதிரி விழுந்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. வினைகளைப் பாருங்கள்: நம்பியது நடந்து முடிந்துவிட்டது, மகிழ்ச்சி இனிமேல்தான் வரவேண்டும். நம் மானாவாரிக் காட்டில் புழுதி விதைப்பு என்று ஒன்று உண்டு. மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுவார்கள். மேகம் தெரிந்து விதைப்பதில்லை. ஐந்தாம் வசனம் அப்படிப்பட்ட விதைப்பு.

ஆறாம் வசனத்தில், எனக்கு நன்மை செய்தார், பாடுவேன் என்று முடிகிறது. மூலத்தில் உள்ள ‘காமல்’ என்ற வினைக்கு நிறைவாகச் செய்தல் என்று பொருள். குழந்தையைப் பால்குடி மறக்கவைப்பதற்கும் அதே சொல்தான். முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவில் ஆடும் கோழியும் அரிசியும் நேர்ச்சையாக வந்து குவியும். விடிய விடியச் சமைத்து, என்ன மதம் என்று கேட்காமல் வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறுவார்கள். அது கிடைத்ததற்குச் செலுத்தும் நன்றி, எனக்கு மிகவும் பிடித்த நன்றி. இந்தப் பாட்டுக்காரரோ, கையில் ஒன்றும் வந்து சேராத நேரத்திலேயே அடுப்பு மூட்டிவிடுகிறார்.

செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள். அன்றைய திருப்பலியின் பதிலுரைப் பாடல் இந்தத் திருப்பாடலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, ஆனால் கடைசிப் பகுதி மட்டும். நம்பிக்கையும் மகிழ்ச்சியும் வரும். நான்கு கேள்விகளும் வராது. விழா நாளுக்கு அது பொருத்தம்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் காவி உடுத்தி, கொப்புளம் வெடித்த காலோடு அந்த விழாவுக்காக வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களை நினைத்துக்கொள்கிறேன். பாட்டின் முற்பகுதியைப் பாடிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்தான்.

தலைப்பை விட்டுவிட்டேன். பாடகர் தலைவருக்கு என்று அதில் குறிப்பு இருக்கிறது. ஒருவர் தனியாகக் கேட்ட கேள்வியைப் பாடகர் குழுவிடம் கொடுத்திருக்கிறார்கள். அன்று துன்பம் இல்லாதவர்களும் துன்பப்படுகிறவரோடு சேர்ந்து, எத்தனை நாள், எத்தனை நாள் என்று பாடியிருப்பார்கள். 150 திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுகள்தான்.

அன்று மொட்டை மாடியில் பன்னிரண்டு பேர் இருந்தோம். விவிலியம் நடுவில் ஸ்டூலின் மேல் இருந்தது. அந்த அக்கா கேட்டு முடித்ததும், நாங்கள் அதே கேள்வியை அவரோடு சேர்ந்து இன்னும் மூன்று முறை கேட்டிருக்கலாம்.